சாய்த்துப் பார்த்தவர்

ஏகாம்பரம் இறந்துவிட்டார் என்ற செய்தி காலை ஆறு மணிக்கே கம்பெனிக்கு வந்துவிட்டது. எனக்கு வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டரை. டேங்க் ஷெட்டுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, பெட்ரோல் இருக்கிற இடம். லாக்கரில் பூட்டிவிட்டு உள்ளே போனால் ஷிப்ட் முடிந்துதான் கையில் எடுப்போம். எடுத்தேன். பதினோரு மிஸ்டு கால். அத்தனையும் ஏகாம்பரத்தின் நம்பர். நான்கு வருஷமாக அந்த நம்பரிலிருந்து எனக்கு ஒரு கால் வந்ததில்லை. எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் நம்புவீர்களா? "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் திருப்பி அடித்தேன். எடுத்தது அவர் மனைவி மல்லிகா. "அவரு இல்லண்ணா. ராத்திரி நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே முடிஞ்சி போச்சி. உனக்கு எத்தினி வாட்டி அடிக்கிறது? ஒரு மணிக்கு எடுத்துட்டாங்க" என்றார்.

அவர் வேலை பார்த்த யார்டிலிருந்து இருபது பேர் பர்மிஷன் போட்டுவிட்டுக் காலையிலேயே அவர் ஊரான மண்ணூர் போயிருக்கிறார்கள். யார்டிலிருந்து எங்கள் ஷெட்டுக்கு நடந்தால் நான்கு நிமிஷம். ஒருத்தருக்கும் இந்தப் பக்கம் வந்து சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. ஏகாம்பரத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாசல் கழுவி இன்னும் காயவில்லை. நம் ஆட்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர், பெயர் வேண்டாம், என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தங்கமான மனுசன்யா. அந்த ஒரு நாளு மட்டும் கவனம் தப்பாம இருந்திருந்தா, இன்னா மரியாதையா இருந்திருப்பாரு!" நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். வீட்டுக்கு வந்து அந்தத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அந்த ஒரு நாள் அவருடையது இல்லை. என்னுடையது. இதைச் சொல்வதற்காகத்தான் படத்திறப்புக்கு அச்சடிக்கும் இந்தத் தாளில் எனக்கு இடம் கேட்டேன். அவருடைய நல்ல குணங்களை எழுதித் தருவேன் என்று நினைத்துக் கொடுத்திருப்பீர்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் இது முதலில்.

ஷெட் வேலை தெரியாதவர்கள், அவர் சொந்தக்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லைனிலிருந்து புது பைக் வெளியே வரும்போது ஓட்டிப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவார்கள். டேங்கில் பெயின்ட் கோளாறு, கீறல் என்று ஏதாவது இருந்தால் அந்த வண்டி எங்களிடம் வரும். டேங்கைக் கழற்றி, ஸ்டாண்டில் வைத்து, தீப்பொறி வராமல் இருக்க எர்த் கிளிப் மாட்டி, அடியில் இருக்கிற காக் என்கிற திருகுக் குழாயைத் திறந்து டியூப் வழியாகக் கேனில் பெட்ரோலை வடிப்போம். முழுக்க வடித்துக் காயவைத்த பிறகுதான் டேங்க் டச்-அப் செய்கிற இடத்துக்குப் போகும். அங்கே பெயின்ட் அடித்துச் சூட்டு விளக்கின் கீழ் வைப்பார்கள். பெட்ரோல் மிச்சம் இருக்கிற டேங்கைச் சூட்டு விளக்கின் கீழ் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான்: பைக் டேங்க் கழுதை முதுகில் போட்ட பொதி மாதிரி, நடுவில் மேடு, இரண்டு பக்கமும் தொங்கும். காக் இருப்பது ஒரு பக்கம். காக்கில் சொட்டுவது நின்றுவிட்டால் டேங்க் காலி என்று தோன்றும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். டேங்கைத் தூக்கிக் காக் பக்கமாகச் சாய்த்தால்தான் அது இந்தப் பக்கம் வரும்.

நான் கான்ட்ராக்டில் சேர்ந்து ஷெட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு நாற்பது. மதுரை ரோட்டில் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து வருஷம் கழித்தவன் நான். எனக்கு இவன் என்ன சொல்வது என்கிற திமிர் இருந்தது. முதல் நாள் ஒரு டேங்கை வடித்துவிட்டு, கார்டில் கையெழுத்துப் போடப் போனேன். ஒவ்வொரு டேங்கின் வாயிலும் ஒரு மஞ்சள் கார்டு கட்டியிருக்கும், 'காலி' என்று போட்டு ஒரே ஒரு கட்டம். ஏகாம்பரம் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அந்தக் கட்டத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். "இந்தாண்ட நீ போடு. அந்தாண்ட நான் போடுவேன், சாச்சிப் பாத்துட்டு." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வடிச்சது எனக்குத் தெரியாதாண்ணே? என்னைய நம்பலையா நீங்க?" என்றேன். அவர் சிரிக்கவே இல்லை. "உன்ன நம்பாம இல்லபா. என் டேங்க நானே பாத்தா எனக்கு நல்லாத்தான் தெரியும். உனக்கும் அப்டித்தான். அதுக்குத்தான் இன்னொருத்தன்."

அப்புறம் அவர் என் டேங்கைத் தூக்கிச் சாய்த்தார். காதை டேங்கோடு ஒட்டவைத்து, சிறுபிள்ளையைத் தூங்கவைப்பதுபோல ஒரு ஆட்டு ஆட்டினார். "கீது" என்றார். முக்கால் டம்ளர் வந்தது. அன்றைக்கு நான் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அந்தக் கோடு கம்பெனி சொன்னது இல்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. அவர் இருந்தவரை எந்தக் கார்டும் அந்தக் கோடு இல்லாமல் ஷெட்டை விட்டுப் போனதில்லை. வலது பக்கம் அவர் 'ஏ' என்று ஒரே எழுத்தைப் போட்டு அதன் வாலைக் கார்டு ஓரம் வரை இழுத்துவிடுவார். அவர் வடித்த டேங்குக்கு வலது பக்கம் நான் போடுவேன். "நெறைய இருந்தா பயமில்ல சாத்தூரு. கொஞ்சூண்டு இருந்தாத்தான் பயம்" என்பார். என் பெயர் அவர் வாயில் கடைசிவரை வந்ததில்லை. ஊர்ப் பெயர்தான்.

கோபக்காரர். இது உங்களுக்கெல்லாம் தெரியும். மேலதிகாரி ஒருவர் சட்டைப் பையில் போனோடு ஷெட்டுக்குள் வந்துவிட்டார். நாங்கள் எல்லாம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இவர் அந்த மனிதரின் முழங்கையைப் பிடித்து, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அழைத்துப்போவதுபோல வெளியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "சார், கோச்சிக்காதீங்க. உள்ள கீற உசுரு எங்க உசுரு." அந்த மனிதர் கோபித்துக்கொள்ளத்தான் செய்தார். ஏகாம்பரம் கவலைப்படவில்லை.

என் குடும்பம் சாத்தூரில். மனைவிக்கு அங்கே அங்கன்வாடி வேலை, விட்டுவிட்டு வர முடியாது. நான் படப்பையில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன், இன்றைக்கும் அப்படித்தான். என் பழைய வண்டியின் டேங்கில் உள்ளே துரு பிடித்து, பாதி வழியில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் தினமும் டேங்க் கழற்றுகிறவன், என் வண்டி டேங்கைக் கழற்றச் சோம்பல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் சத்தம், பார்த்தால் ஏகாம்பரம். கையில் ஸ்பேனர் பை, ஒரு கேன். "கெளம்பு. உன் தகர டப்பாவ இன்னிக்கிப் பாத்துடலாம்."

டேங்கைக் கழற்றி மாடிப்படி அருகே, வெட்டவெளியில் வைத்தார். நான் சும்மா இருக்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, இதிலேயே பிடித்துக்கொள்ளலாமே என்றேன். வந்ததே கோபம்! "தண்ணி பாட்டில்ல பெட்ரோல் புடிப்பியா? எவனாவது தாகத்துல எடுத்து வாயில வச்சான்னா? அறிவு கீதா உனக்கு?" "இங்க எவன் வரப் போறான்ணே, நான் ஒருத்தன்தானே இருக்கேன்" என்றேன். அவர் பாட்டிலை ஓரமாகத் தள்ளிவைத்தார். கேனில் வடித்தார். நான் சாய்த்துப் பிடித்தேன், அவர் காது வைத்துக் கேட்டார். துரு போகக் கழுவி, டேங்கை வெயிலில் வைத்துவிட்டுக் காய்வதற்காகக் காத்திருந்தோம். டீ போட்டேன். அப்போதுதான் என் அறையை நன்றாகப் பார்த்தார் போலிருக்கிறது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். டம்ளரில் அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பாத்திரத்தோடு குடித்தேன். "இன்னாய்யா இது, ஜெயில்ல கூட ரெண்டு பேருக்கு ரெண்டு டம்ளர் குடுப்பான்" என்றார்.

மறுநாள் ஷெட்டுக்கு வரும்போது ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். அடியில் மல்லிகா என்று பெயர் பொறித்தது, அவர்கள் கல்யாணச் சீரில் வந்தது. "நான் வந்தா எதுல குடிக்கிறது?" என்றார். அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது வருவார். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். அந்த டம்ளரில் டீ குடித்துவிட்டு, மாடியிலிருந்து வண்டலூர் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஷேர் ஆட்டோவில் ஏறித் திரும்பிப் போவார். எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே விருந்தாளி அவர்தான்.

இனி அந்தச் சனிக்கிழமை. மறுநாள் சாத்தூரில் என் மகளுக்குச் சடங்கு. இரண்டு நாற்பதுக்குக் கம்பெனி பஸ், அதைப் பிடித்தால்தான் பெருங்களத்தூரில் ஊர் பஸ்ஸைப் பிடிக்க முடியும். இன்னும் மூன்று டேங்க் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஏகாம்பரத்தின் கண்ணில் பெட்ரோல் தெறித்துவிட்டது. குழாயடிக்கு ஓடினார். "கழுவிட்டு வந்துர்றேன் சாத்தூரு, இரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் இருக்கவில்லை. மூன்றையும் வடித்தேன். சொட்டு நின்றது. சாய்க்கவில்லை. இடது பக்கம் என் பெயரைப் போட்டேன். அப்புறம், வெறுமையாகப் போனால் டச்-அப்பில் கேட்பார்கள் என்று வலது பக்கம் 'ஏ' போட்டு, வாலை ஓரம் வரை இழுத்தேன். ஆறு வருஷம் பார்த்த எழுத்து, அச்சு அசலாக வந்தது. கண்ணெல்லாம் சிவந்து அவர் திரும்பி வந்தபோது டேங்குகள் டிராலியில் ஏறிப் போய்விட்டன. "எல்லாம் போயிடிச்சா? யார் பாத்தா?" என்றார். "சூப்பர்வைசர் பாத்தாருண்ணே" என்றேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திங்கட்கிழமை காலை, நான் சாத்தூரில் பந்தி மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சூட்டு விளக்கின் கீழ் அந்த டேங்க் ஒன்று குப்பென்று பிடித்துக்கொண்டது. டச்-அப் பக்தவச்சலத்தின் வலது கை முழங்கை வரை வெந்தது, புருவம் பொசுங்கியது. கண் தப்பியது கடவுள் புண்ணியம். அன்று மதியமே விசாரணை. கார்டை எடுத்தார்கள். வடித்தவன் ஊரில் இல்லை. சாய்த்துப் பார்த்துக் காலி என்று ஒப்புக்கொண்டது 'ஏ'. கார்டை அவர் கையில் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "என் எழுத்துதான் சார். அன்னிக்கிக் கண்ணு எரிஞ்சிக்கினு இருந்திச்சி, சரியா பாக்கல" என்றாராம்.

செவ்வாய்க்கிழமை நான் வந்தேன். லாக்கர் அருகே நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "கன்ஃபர்மேசன் லிஸ்ட் வெள்ளிக்கெழம வருது. உன் பேரு கீது. நான் பர்மனென்ட்டு, என்ன இன்னா பண்ணிடுவான்? யார்டுல போடுவான். நீ வாய மூடிகினு இரு." மூடிக்கொண்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை லிஸ்ட் வந்தது, பர்மனென்ட் ஆனவர்களில் என் பெயர் இருந்தது. அதே வாரம் அவரை யார்டுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் புதுக் கார்டு அச்சடித்து வந்தது. நடுவில் கோடு போட்டு, இரண்டு கட்டம்.

யார்டு என்றால் உங்களுக்குத் தெரியும். லாரியில் ஏற்றுகிறவரை ஆயிரக்கணக்கில் வண்டிகள் வெயிலில் நிற்கும், அவற்றை எண்ணி, தள்ளி, வரிசை மாற்றுகிற வேலை. நிழல் கிடையாது. ஷெட்டின் பின்கதவைத் திறந்தால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம், தூரத்தில், தலையில் துண்டு போட்டுக்கொண்டு அவர் போவது தெரியும். நான் பின்கதவைத் திறப்பதை விட்டுவிட்டேன். கேன்டீனில் அவர் உட்காருகிற நேரத்துக்கு நான் போவதில்லை. அவருக்கு என் மேல் வெறுப்பு, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது. நான்கு வருஷம் நான் யாரோடும் உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. மல்லிகா என்று பெயர் பொறித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைப்பேன், தூசி படியும், மறுபடி கழுவுவேன்.

அவர் இறந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்ணூர் போய் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அழுவார், ஏதாவது நடக்கும் என்று போனேன். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"யார்டுல வெயில்ல கெடந்ததெல்லாம் வுடுண்ணா, அது அவுரா ஏத்துக்கினது. நாலு வருசமா எங்கண்ணா போன நீ? ஞாயித்துக்கெழம ஆனா, சாத்தூரு வருவான், நாற்காலிய எடுத்து வெளிய போடுன்னுவாரு. நான் போய்ப் பாக்கட்டுமான்னு கேட்டா, வோணாம், நான் போனா அவன் கேவலமா நெனப்பான், அவனா வரட்டும்னுவாரு. சாயந்தரம் நாற்காலிய எடுத்து உள்ள வைக்கிறது நானு."

வாசலில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. எழுந்து வெளியே வந்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடாத. அவுரு பேர்ல கீறத எல்லார் முன்னாடியும் எடு."

மறுநாள் பக்தவச்சலத்திடம் போனேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்த தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "நாலு வருசம்யா. அந்தாளு எதிர்ல வந்தா மூஞ்சத் திருப்பிக்கினு போனேன். ஒருவாட்டி பொங்கலுக்குக் கரும்பு குடுத்தாரு, வாங்கல நானு" என்றார். அழுதுவிட்டார். என்னோடு வேறொன்றும் பேசாமல் போய்விட்டார், இன்றுவரை பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன்.

கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நடவடிக்கை எடுத்தால் எடுக்கட்டும். மனைவியிடம் போனில் சொன்னபோது, "இப்ப எதுக்கு? அவரே போயிட்டாரே" என்றாள். அவர் போய்விட்டார், 'ஒரு நாள் கவனம் தப்பிய மனுஷன்' என்ற பேச்சு போகவில்லையே. அது கம்பெனி இருக்கிற இந்த ஒரகடம் முழுக்க இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, படத்தின் முன்னால் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏகாம்பரம் சாய்த்துப் பார்க்காமல் ஒரு டேங்கையும் விட்டதில்லை. ஒரே ஒரு நாள்கூட இல்லை. அன்று அவர் கண் கழுவிக்கொண்டிருந்தார். என்னை இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய பொருள் இரண்டு என்னிடம் இருக்கிறது. ஒன்று அவர் கொடுத்தது, அந்த டம்ளர். அதை நான் வைத்துக்கொள்கிறேன், மல்லிகா கேட்டாலொழியத் தர மாட்டேன். இன்னொன்று அவர் கொடுக்காமல் நானே எடுத்தது, வால் நீண்ட அந்த 'ஏ'. அதை இன்று எல்லார் முன்னாலும் அவருக்குத் திருப்பித் தருகிறேன். இதன் அடியில் என் பெயரைப் போடுகிறேன். அன்று அந்தக் கார்டிலும், பொய்ச் சாட்சிக்கு அவரை இழுக்காமல், இதை மட்டும்தான் நான் போட்டிருக்க வேண்டும்.

சுப்புராஜ்,
டேங்க் ஷெட்.